உருட்டாத பாட்டில்

அத்தியாயம் 14

காலை ஐந்து நாற்பது.

மாரித்தாய் மண்பானையின் மூடியைத் தூக்கினாள். ஈர மணலில் கழுத்து வரை புதைந்திருந்த இன்சுலின் பாட்டிலை இரண்டு விரலால் எடுத்தாள். ஆட்டவில்லை. வாசல் வெளிச்சத்துக்குக் கொண்டுவந்து பார்த்தாள்.

இரண்டு வாரத்துக்கு முன்னால் இதே பாட்டிலில் மேலே தெளிந்த தண்ணீரும் அடியில் வெள்ளையும் இருந்தன. இப்போது தண்ணீர் இல்லை. வெள்ளை மட்டும் கொஞ்சம் கிடந்தது. ஆறிய கஞ்சி போலக் கெட்டியாக இருந்தது.

“இருபது யூனிட் தேறுமா?” என்றார் சங்கிலிமுத்து. சட்டையைத் தூக்கிப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார்.

“சரியா இருக்கும். இன்னைக்குப் போயிப் புதுசு வாங்கணும்.”

மெல்லக் கவிழ்த்தாள். கலங்குவதற்குள் ஊசியில் இழுத்தாள். இப்படி எடுக்கக் கற்றுக்கொடுத்தவர் அவர்தான்.

நாலு மாதத்துக்கு முன்னால், கால் புண் ஆறாமல் இன்சுலின் ஆரம்பித்தபோது, ஆஸ்பத்திரியில் ஒரு சின்னப் பெண் இரண்டு விஷயம் சொன்னாள். பாட்டிலில் சூடு படக் கூடாது. போடுவதற்கு முன் உள்ளங்கைகளுக்கு நடுவில் வைத்து உருட்ட வேண்டும். வீட்டுக்கு வந்ததும் சங்கிலிமுத்து சிரித்தார். வெம்பக்கோட்டைப் பக்கம் பட்டாசு ஆலையில் முப்பத்தோரு வருடமாக மருந்து கலக்குகிறவர்.

“சூடு படக் கூடாதுங்கா. பெறகு உருட்டுங்கா. உருட்டுனா சூடு வராதா? கையில ரேகை அழியிற அளவுக்குக் கலந்திருக்கேன். எனக்குச் சொல்லிக் குடுக்கா.”

ஆலையில் மூன்று விதி. குலுக்காதே. உரசாதே. இழுக்காதே. அவற்றை மறந்தவர்களின் படங்கள் அந்தத் தெருவிலேயே நாலு வீட்டுச் சுவரில் மாலையோடு தொங்கின. மாரித்தாய் மறுத்துப் பேசவில்லை.

ஊசியைப் போட்டாள். பஞ்சால் அழுத்தினாள்.

ஞாயிற்றுக்கிழமை நடந்ததை இருவரும் பேசவில்லை.

அன்று மத்தியானம் சோற்றுக்கு உட்கார்ந்தவர் குழம்புச் சட்டியைத் தூக்கிச் சுவரில் அடித்தார். குறுக்கே வந்த மருமகள் ஓவியாவின் கையை முறுக்கித் தள்ளினார். ஏழு மாத வயிறு. அம்மியில் விழ இருந்தவளை மாரித்தாய்தான் பிடித்தாள். அவர் அதே இடத்தில் உட்கார்ந்து, தரையில் கிடந்த சோற்றை அள்ளி அள்ளித் தின்றார். தூங்கினார். எழுந்து, “சட்டிய யாரு ஒடச்சா?” என்று கேட்டார்.

இருபத்தேழு வருடத்தில் பெண்டாட்டி மேல் கை நீட்டாதவர். இந்த நாலு மாதத்தில் எத்தனை தடவை என்று மாரித்தாய் எண்ணுவதை விட்டுவிட்டாள்.

“குடிக்காரு,” என்றான் மகன் கதிரவன். “வாட வராத சரக்கு எதையோ குடிச்சிட்டு நடிக்காரு.”

தெருவும் அதையேதான் சொன்னது.

திங்கட்கிழமை காலையில் அவன் கெடு வைத்தான்.

“செவ்வாக்கெழம சாயங்காலம் நான் லோடு எறக்கிட்டு வாறப்ப அவரு இங்கன இருக்கக் கூடாது. காரியாபட்டிக்கு, சித்தப்பா வீட்டுக்கு அனுப்பி விடு. இல்லையா, ஓவியாவக் கூட்டிக்கிட்டு நான் சிவகாசிக்குப் போயிருதேன். வீடு பாத்தாச்சு.”

அவன் பேசும்போது ஓவியா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். போகிறேன் என்று சொல்லவில்லை. இருக்கிறேன் என்றும் சொல்லவில்லை. பிறந்த வீடு என்று சொல்லிக்கொள்ள அவளுக்கு ஆள் கிடையாது.

இன்று செவ்வாய். சாயங்காலத்துக்குள் மாரித்தாய் பதில் சொல்ல வேண்டும். புருசனை அனுப்பினால் அங்கே ஊசி போட யாரும் இல்லை. மருமகளை அனுப்பினால் பிரசவத்துக்குப் பக்கத்தில் நிற்க யாரும் இல்லை.

ஆறு பத்துக்கு ஆலை வேன் வந்தது. சங்கிலிமுத்து அரை டம்ளர் நீச்சத்தண்ணியைக் குடித்துவிட்டுப் போனார்.

அவர் போன பிறகுதான் மாரித்தாய் பார்த்தாள். தூக்குவாளி ஆணியிலேயே தொங்கியது. மறந்து போனதல்ல. ஓவியா வடித்த சோறு அது. தின்ன அவருக்கு முகம் இல்லை.

வாளியோடு தெருமுனை வரை ஓடினாள். வேன் திரும்பிவிட்டது.

திரும்பி வந்து ஓவியாவிடம் சொன்னாள்.

“கதவ உள்ள கொண்டி போட்டுக்கோ தாயி. பேக்கிங் வேலைக்கு இன்னைக்கு அரை நாள்தான்னு சொல்லியிருக்கேன். பன்னெண்டரைக்குள்ள வந்துருவேன். யாரு வந்தாலும் தெறக்காத.”

“மாமா வந்தா, அத்தே?”

“மாமா வந்தாலும்.”

*

வெயில் ஏறுவதற்குள் கலவை முடிய வேண்டும். பத்து மணிக்கு முடிந்தது. சங்கிலிமுத்து கைகளைக் கழுவினார். நகக் கண்ணில் அலுமினியத் தூள் மின்னியது. அது எப்போதும் போகாது.

மற்றவர்கள் வேப்பமரத்தடியில் வாளிகளைத் திறந்தார்கள். அவர் தள்ளி உட்கார்ந்தார்.

போர்மேன் பெத்தணன் கூப்பிட்டான். “என்னண்ணே, தூக்கு கொண்டாரலையா?”

“பசிக்கல.”

“ஊசி போட்டீகளா?”

“போட்டாச்சு.”

“ஊசியப் போட்டுட்டு வயித்தக் காயப் போடலாமா? இந்தாங்க, புளிச்சோறு. எம் பொண்டாட்டி கிண்டுனது. பயப்படாதீக. நான் இருபது வருசமாத் தின்னுட்டு உசுரோடதான் இருக்கேன்.”

எல்லாரும் சிரித்தார்கள். சங்கிலிமுத்து எழுந்து வேன் நின்ற இடத்துக்குப் போய்விட்டார்.

பதினொன்று இருபதுக்கு வேன் கிளம்பியது. அதற்குள் வேர்க்கத் தொடங்கியிருந்தது. மற்றவர்களுக்கும் வேர்த்தது. அவருடைய வேர்வை குளிர்ந்திருந்தது.

முதலில் உதடு மரத்தது. பிறகு நாக்கின் நுனி. நெஞ்சு வேகமாக அடித்தது. எதிரே உட்கார்ந்திருந்தவனுக்கு இரண்டு தலை தெரிந்தது. அவன் ஏதோ கேட்டான். சத்தம் காதில் விழுந்தது. என்ன கேட்டான் என்று பிடிபடவில்லை.

பிறகு கோபம் வந்தது. யார் மேல் என்று தெரியவில்லை. கோபம் மட்டும் வந்து, ஆளுக்காகக் காத்திருந்தது.

தெருவில் இறங்கினார். தன் வீட்டைத் தாண்டிப் போனார். நின்றார். திரும்பி வந்தார். கால்கள் பின்னிக்கொண்டன.

“பட்டப்பகல்லயே ஏத்திட்டு வந்துட்டாரு,” என்றது ஒரு குரல்.

அவர் வாசலுக்கு வந்து சேர்ந்தார். கதவு சாத்தியிருந்தது. அதற்குப் பிறகு நடந்தது எதுவும் அவர் நினைவில் இல்லை.

*

ஓவியா ஜன்னல் வழியாகப் பார்த்தாள். மாமனார் வாசல் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார். முகம் சாம்பல் நிறத்தில் இருந்தது. மோவாயிலிருந்து வேர்வை சொட்டியது.

“தாயி. தண்ணி.”

அவள் கொண்டியில் கை வைத்தாள். எடுத்தாள்.

“தண்ணி,” என்றார் மறுபடியும். வாய் குழறியது.

திறந்தாள்.

சொம்பை நீட்டினாள். அவர் சொம்பைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். அந்தப் பார்வையில் அவள் யார் என்பது இல்லை. சொம்பை வாங்கி அவள் நெற்றியில் அடித்தார்.

இரத்தம் கண்ணில் இறங்கியது.

“யாரு நீ? என் வீட்டுக்குள்ள என்ன வேல?”

தலைமுடியைப் பிடித்தார். இழுத்தார். இரண்டு கையாலும் வயிற்றைக் கட்டிக்கொண்டதால் அவளுக்குத் தலையைக் காக்கக் கை இல்லை. நிலைக்கட்டையில் அவள் தலையை ஒரு தடவை மோதினார். இன்னொரு தடவை. அவள் அவர் மணிக்கட்டைக் கடித்தாள். பல் இறங்கியது. அவர் விடவில்லை. வலித்ததாகவே தெரியவில்லை.

“மாமா. நான்தான் மாமா. ஓவியா.”

“எங்க என் வீடு? என் வீட்ட என்ன செஞ்சே?”

மூன்றாவது தடவை மோதும்போது கதிரவன் வந்தான். மத்தியானச் சோற்றுக்கு வந்தவன். வாசலில் கிடந்த விறகுக் கட்டையை எடுத்தான்.

முதல் அடி தோளில். பிடி விட்டது. இரண்டாவது முழங்காலில். சங்கிலிமுத்து விழுந்தார்.

அதோடு முடிந்திருக்க வேண்டும்.

கதிரவன் நிறுத்தவில்லை. முதுகில் அடித்தான். விலாவில் அடித்தான். தடுக்க நீட்டிய கையில் அடித்தான். விரல் முறிந்த சத்தம் கேட்டது. அடிக்கும்போது அவன் கத்தவில்லை, திட்டவில்லை. மூட்டை இறக்குவது போல ஒரே அளவில் அடித்தான்.

“போதுங்க. செத்துருவாரு. போதும்.”

கட்டையோடு திரும்பினான்.

ஓவியா சட்டென்று சுவரோரம் குறுகினாள். முகத்தைத் திருப்பிக்கொண்டு வயிற்றை மூடினாள். அவன் இன்னும் கையை ஓங்கவில்லை.

வாசலில் மாரித்தாய் நின்றாள்.

தரையில் கிடந்த சங்கிலிமுத்துவின் உடம்பு ஒரு தடவை விறைத்தது. கால்கள் தரையில் அடித்துக்கொண்டன. கண் மேலே செருகியது. வாயோரம் நுரை.

பக்கத்து வீட்டு ஆவுடைத்தாய் உள்ளே ஓடி வந்தாள். “ஏ மாரி, இது போதையில்லடி. எங்க அண்ணனுக்கும் இப்படித்தான் வெட்டிச்சு. சீனியக் கொண்டா, சீனிய.”

மாரித்தாய் சீனி டப்பாவை எடுத்தாள்.

“சுகர்க்காரருக்குச் சீனியா?” என்றான் கதிரவன். “நான் அடிச்சுச் சாகாதவர நீங்க சீனியக் குடுத்துக் கொன்னுருவீக போல.”

அவள் கை நின்றது. நாலு மாதமாக அந்த வீட்டில் அவருக்குச் சீனி விஷம். டப்பாவை அங்கேயே வைத்தாள்.

“ஆட்டோவக் கூப்பிடு.”

“எதுக்கு? தெளிஞ்சா தானா எந்திரிப்பாரு.”

அவள் அவனை அறைந்தாள். மகனைத் தொட்டு அடித்தது அதுதான் முதல் தடவை.

“உங்கப்பன்லே,” என்றாள்.

தெருமுனையில் நின்ற விக்னேஷ்குமாரின் ஆட்டோ வந்தது. நாலு பேர் தூக்கினார்கள். செவ்வாய்க்கிழமைக்கென்று எடுத்து வைத்திருந்த மஞ்சள் பை கொடியில் தொங்கியது. சுகர் நோட்டும் காலிப் பாட்டிலும் அதற்குள் இருந்தன. மாரித்தாய் அதையும் எடுத்துக்கொண்டாள்.

ஓவியா நெற்றியில் துண்டை அழுத்திக்கொண்டு ஏறினாள். கதிரவன் டிரைவருக்குப் பக்கத்தில் ஒட்டி உட்கார்ந்தான்.

*

ஆஸ்பத்திரியில் நர்ஸ் வேலுத்தாய் விரல் நுனியில் குத்தினாள். கருவியைப் பார்த்தாள்.

“இருபத்தெட்டு.”

“எரநூத்தி இருபத்தெட்டா, சிஸ்டர்?” என்றாள் மாரித்தாய்.

“எரநூறு இல்லக்கா. வெறும் இருபத்தெட்டு. எழுவதுக்குக் கீழ போனாலே ஆபத்து.”

டாக்டர் ஓடி வந்தார். குளுக்கோஸ் என்றார். வேலுத்தாய் நரம்பைத் தேடினாள். கை முழுக்க வீங்கியிருந்தது. மறு கையில் கிடைத்தது. பெரிய ஊசியிலிருந்த சர்க்கரைத் தண்ணீர் மெல்ல உள்ளே போனது.

டாக்டர் ஓவியாவைக் கூட்டிப் போய் வயிற்றில் கருவியை வைத்துக் கேட்டார். குழந்தையின் துடிப்பு சரியாக இருந்தது. நெற்றியில் ஐந்து தையல்.

அவள் திரும்பி வந்தபோது சங்கிலிமுத்து கண்ணைத் திறந்திருந்தார். பத்து நிமிடம் ஆகியிருக்காது. பார்வை பழைய பார்வை.

“நான் எப்பம்லே இங்க வந்தேன்?” என்று மகனைக் கேட்டார். “கை ஏன் இப்படிக் கடுக்குது?”

கதிரவன் ஜன்னலைப் பார்த்தான்.

அவர் ஓவியாவின் நெற்றிக் கட்டைப் பார்த்தார். “என்ன தாயி இது?”

அவர் ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். கடைசியில் தன் மணிக்கட்டில் பதிந்திருந்த பல் தடத்தைப் பார்த்தார். முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். தோள் குலுங்கியது.

வேலுத்தாய் காலிப் பாட்டிலை வெளிச்சத்தில் பிடித்தாள். அடியில் வெள்ளை ஒட்டியிருந்தது.

“என்னக்கா இது? இம்புட்டுக் கெட்டியா? போடுறதுக்கு முன்னாடி உருட்டுனீகளா, இல்லையா?”

“உருட்டல.”

“ஒருநாள் கூடவா?”

“உரசுனா சூடேறிரும்னு அவுக சொன்னாக. பக்குவமாத்தான் எடுப்பேன் சிஸ்டர். ஆடாம, அசையாம.”

வேலுத்தாய் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

“அக்கா, இதுக்குள்ள ரெண்டு இன்சுலின் இருக்கு. ஒண்ணு தண்ணி மாதிரி. போட்ட அரை மணி நேரத்துல வேலையத் தொடங்கிரும். காலைச் சாப்பாட்டுக்கு அது. பதினொரு மணி, பன்னெண்டு மணின்னா அதோட சக்தி கொறஞ்சிரும். இன்னொண்ணு இந்த வெள்ள. இது மெதுவா ஏறும். மத்தியானத்துலதான் உச்சத்துக்குப் போகும். சாயங்காலம் வரைக்கும் இழுக்கும். ரெண்டும் சேந்து போனாத்தான் ஒடம்பு ஒரு சீரா இருக்கும். நிக்க வச்சா வெள்ள அடியில தங்கிரும். அதான் உருட்டச் சொல்றது.”

“உருட்டலன்னா?”

“மொத வாரம் பூரா தண்ணி மட்டும் போயிருக்கும். காலையில எட்டு மணிக்கெல்லாம் கை நடுங்கியிருக்கணுமே?”

“ஆமா. ஆலைக்குப் போனதுமே பிஸ்கட் கேப்பாராம்.”

“சாயங்காலம் சுகர் நானூறு நிக்கும். அதப் பாத்துட்டு டாக்டர் யூனிட்ட ஏத்துனாரு. ரெண்டாவது வாரம் இந்த வெள்ள மட்டும், அதுவும் ரெண்டு மடங்கு கெட்டியா. இருபதுன்னு நெனச்சு நீங்க நாப்பது போட்டிருப்பீக. இன்னைக்குச் சாப்பிட்டாரா?”

“இல்ல.”

“பெறகென்ன? மூளைக்குச் சர்க்கர எட்டலன்னா மனுசனுக்கு ஆள் தெரியாது. அடிப்பான், ஒளறுவான், அழுவான். பாக்கிறவுக குடிச்சிருக்கான்னுதான் சொல்லுவாக. விழுறதுக்கு முன்னாடி ரெண்டு கரண்டிச் சீனியக் கரச்சுக் குடுத்திருந்தா இம்புட்டுத் தூரம் வந்திருக்காது.”

மாரித்தாய் தன் கைகளைப் பார்த்தாள். ஒவ்வொரு காலையும் அந்தக் கைதான்.

“அப்ப இவரு குடிக்கலையா?” என்றான் கதிரவன்.

“வாயில ஒரு வாடையும் இல்ல. டாக்டரும் பாத்தாச்சு. ஆமா, வெரலு ரெண்டு முறிஞ்சிருக்கே, இது யாரு செஞ்சது?”

“தடுக்கத்தான் அடிச்சேன்.”

“தடுக்கவா?” என்றாள் வேலுத்தாய். முதுகையும் அவள் பார்த்திருந்தாள்.

மாரித்தாய் நிமிர்ந்தாள். காலையிலிருந்து அழுத்திய பாரம் இறங்கியது போல் இருந்தது.

“ஏலே கதிரு, இனி யாரும் எங்கயும் போக வேண்டாம். நாளைக்கிருந்து நான் உருட்டிப் போடுதேன். தூக்குவாளிய நானே அவரு கையில குடுத்து அனுப்புதேன். புள்ளப் பேறு நம்ம வீட்டுலயே ஆகட்டும்.”

“முடியாது.”

“ஏன்லே? அதான் சிஸ்டர் சொல்லிட்டாகள்ல?”

“மருந்து மேல பழியப் போட்டுட்டாச் சரியாப் போச்சா? நாளைக்கு மறுபடி ஓங்குனா? சிவகாசியில வீடு பேசியாச்சு. நாங்க ரெண்டு பேரும் இன்னைக்கே கெளம்புதோம்.”

“ஏழு மாசக்காரிய யாருமில்லாத வீட்டுல வச்சுக்கிட்டு என்ன செய்வே?”

“நான் இருக்கேன்ல?”

ஓவியா பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். மடியில் கைகளைக் கோத்திருந்தாள். விரல்கள் வெளுத்திருந்தன.

வேலுத்தாய் நோட்டை விரித்தாள். “அத வீட்டுல போயிப் பேசுங்க. எந்தெந்த நாளு இவரு இப்படி ஆனாருன்னு ஞாபகம் இருக்கா? டாக்டர்கிட்ட எழுதிக் குடுக்கணும்.”

“நெறைய நாளு சிஸ்டர்,” என்றாள் மாரித்தாய்.

ஓவியா இடுப்பிலிருந்து சின்னப் பர்சை எடுத்தாள். அதற்குள் எட்டாக மடித்த மூன்று தாள்கள். அஞ்சாம் மாதம் வரை அவள் சிவகாசியில் காலண்டர் அச்சகத்தில் தாள் அடுக்கும் வேலை பார்த்தாள். கழிவில் எடுத்த மாதத் தாள்கள் அவை. ஆங்காங்கே தேதிகளைச் சுற்றிச் சிவப்புப் பேனாவில் வட்டம்.

கதிரவன் ஜன்னலை விட்டு வந்தான். “இது என்ன?”

“தேதி.”

“என்ன தேதி?”

“வீட்டுல அடி விழுந்த தேதி. மகளிர் போலீசுக்குப் போனா கேப்பாகன்னு அச்சகத்துல ஒரு அக்கா சொன்னாக.”

“எங்கிட்டச் சொல்லவே இல்ல?”

அவள் தாள்களை நர்ஸிடம் நீட்டினாள்.

வேலுத்தாய் நோட்டையும் தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள். ஒரு செவ்வாய் விட்டு ஒரு செவ்வாய் புதுப் பாட்டில் கொடுத்த கையெழுத்து நோட்டில் இருந்தது. விரலால் ஒட்டிப் பார்த்துக்கொண்டே போனாள்.

“இந்தா. பாட்டில் வாங்குன செவ்வாய்க்கு முந்துன நாளு. இதுவும் அப்படித்தான், ஞாயித்துக்கெழம. இது சனி. பாருங்கக்கா, எல்லாம் பாட்டில் தீரப் போற நாளு. வெள்ள போன நாளு. நல்ல காரியம் செஞ்சிருக்கே தாயி. இத அப்படியே டாக்டர்கிட்டக் காட்டுதேன்.”

விரல் நின்றது.

“இந்த மூணு மட்டும் ஒட்டலையே.”

“எது?” என்றாள் மாரித்தாய்.

“மூணுமே புதுப் பாட்டில் தொடங்குன வாரம். தண்ணி மட்டும் போன நாளு. மத்தியானம், சாயங்காலமெல்லாம் இவருக்குச் சுகர் ஏறித்தான் கெடந்திருக்கும். ஆளு அசந்து படுத்திருப்பாரே தவிர, அடிக்கிற நெலமையில இருந்திருக்க மாட்டாரே.”

கதிரவன் சிரித்தான். “அம்மாவாச, வெள்ளின்னு எதையாச்சும் சுத்தியிருப்பா சிஸ்டர். பொம்பளப் புள்ள கையில பேனாவும் காலண்டரும் கெடச்சாக் கிறுக்காம இருக்குமா?”

வேறு யாரும் சிரிக்கவில்லை.

அவன் கைலியை மடித்துக் கட்டினான். “ஆட்டோ நிக்கான்னு பாத்துட்டு வாறேன். ஓவியா, எந்திரி. வெளிச்சத்தோட சாமானக் கட்டணும்.”

வெளியே போனான்.

ஓவியா எழுந்தாள். கேட்டதும் எழுந்துவிடுகிற பழக்கத்தில் எழுந்தாள். மாரித்தாய் அவள் கையைப் பிடித்து மறுபடியும் உட்கார வைத்தாள்.

“அந்தத் தாளக் குடுங்க சிஸ்டர்.”

மாரித்தாய்க்குப் படிக்கத் தெரியாது. காலண்டர் பார்க்கத் தெரியும். கிழமை வரிசை தெரியும். நோன்பு, அமாவாசை, கோயில் நாள் எல்லாம் தெரியும். ஒட்டாத மூன்று வட்டங்களை வேலுத்தாய் காட்டினாள். அவற்றில் ஒன்று ஆடி மாதக் கடைசி வெள்ளி.

அன்று தெருவே இருக்கன்குடிக் கோயிலில் இருந்தது. வேண்டுதலுக்காக அவளும் சங்கிலிமுத்துவும் வியாழக்கிழமையே பஸ் ஏறினார்கள். சனிக்கிழமை மத்தியானம்தான் திரும்பினார்கள். ஆறு மாதம், அலைச்சல் வேண்டாம் என்று ஓவியாவை வீட்டில் விட்டுவிட்டார்கள். லோடு இருக்கிறது என்று கதிரவனும் இருந்துவிட்டான். திரும்பி வந்தபோது ஓவியாவின் கீழுதடு வீங்கியிருந்தது. குளியலறையில் வழுக்கிவிட்டது என்றாள். மாரித்தாய் மஞ்சள் பற்றுப் போட்டுவிட்டாள். சோப்புத் தண்ணியைக் கழுவி விடக் கூடாதா என்று மகனைத்தான் அதட்டினாள். அவன் அன்று சாயங்காலம் அந்த இடத்தைத் தேய்த்துக் கழுவினான்.

வெளியே ஆட்டோ கிளம்பத் தயாராக உறுமியது. கதிரவன் பெயர் சொல்லிக் கூப்பிட்டான். இரண்டாவது தடவை குரல் உயர்ந்தது.

ஓவியாவின் தோள் குறுகியது.

மாரித்தாய் அவள் கையை விடவில்லை. குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டாள்.

“அன்னைக்கு வீட்டுல நீயும் என் மகனும் மட்டுந்தான தாயி?”